ஏசியில் கேஸ் தீர்ந்துபோகாது

மூன்று வருடம் தொடர்ந்து, மார்ச் வந்தால் எங்கள் வீட்டில் ஒரே காட்சி. மெக்கானிக் வருவார், ஏசியைப் போட்டுக் கையை நீட்டிப் பார்ப்பார், வெளியே போய் அவுட்டோரில் மீட்டரை மாட்டுவார், திரும்பி வந்து "சார், கேஸ் கம்மியா இருக்கு, அடிச்சிரலாமா?" என்பார். நானும் தலையாட்டுவேன். 2,500 ரூபாய். வண்டிக்குப் பெட்ரோல் போடுவதுபோல ஏசிக்கும் வருடத்துக்கு ஒரு தடவை கேஸ் போட்டாக வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அக்கம்பக்கத்திலும் எல்லாரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

நான்காம் வருடம் வேறொருவர் வந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர். பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தரச்சொல்லி, அந்த நுரையை அவுட்டோரில் குழாய் சேரும் இடத்தில் தடவினார். முட்டை முட்டையாகப் பொங்கி வந்தது. "இத்தனை வருஷமா காத்துக்குக் கேஸ் போட்டுட்டு இருந்திருக்கீங்க தம்பி" என்றார். நட்டைக் கழற்றி, செப்புக் குழாயின் முனையை வெட்டி, புதிதாக விரித்து மாட்டி, அப்புறம்தான் கேஸ் போட்டார். அது நடந்து ஆறு வருடம் ஆகிறது. அந்த ஏசிக்கு இன்றுவரை ஒரு கிராம் கேஸ் போடவில்லை.

முதல் மூன்று வருடம் வந்தவர் ஏமாற்றினார் என்று சொல்ல வரவில்லை. அவருக்கும் தொழிலை அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஏசி விஷயத்தில் நமக்கும் அவர்களுக்கும் இருக்கிற தப்பெண்ணங்களைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் பெரும்பாலும் ஒன்றுதான் கிடக்கிறது: ஏசி குளிரைத் தயாரிக்கிற இயந்திரம் என்று நினைக்கிறோம். அது எதையும் தயாரிப்பதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான்.

கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அறையில் இருக்கும் வெப்பம்தான் தண்ணீர். கேஸ்தான் வாளி. கம்ப்ரசர் என்பது கயிற்றை இழுக்கிற ஆள். வாளி உள்ளே இறங்கி, வெப்பத்தை மொண்டுகொண்டு வெளியே வந்து, கொட்டிவிட்டு, மறுபடி உள்ளே போகிறது. ஆயிரம் தடவை இறைத்தாலும் வாளி கரைந்துபோகுமா? போகாது. கேஸும் அப்படித்தான், மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, எரிவதில்லை, செலவாவதில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

வெளியே 38 டிகிரி கொளுத்தும்போது, உள்ளே 26 டிகிரியில் இருக்கும் அறையிலிருந்து வெப்பத்தை எப்படி வெளியே தள்ள முடியும், மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றுவதுபோல அல்லவா என்று கேட்டால், ஆமாம், அதற்குத்தான் கரண்ட் செலவாகிறது. நம் வீட்டுப் பிரஷர் குக்கரில் பாதி விடை இருக்கிறது. மூடி அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை போகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறும், குறைந்தால் இறங்கும். இப்போது விற்கிற ஸ்பிளிட் ஏசிகளில் பெரும்பாலும் இருக்கும் ஆர்-32 கேஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்டோர் காயிலுக்குள், அதாவது அறைக்குள் இருக்கும் பெட்டியின் குழாய்ச்சுருளுக்குள், இதன் அழுத்தத்தைக் குறைவாக வைத்திருப்பதால் 5, 10 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிறது, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அறைக்காற்றிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் நெருக்கி அழுத்தினால் அது 50 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மறுபடி திரவமாகத் தயாராகிறது. வெளிக்காற்று 38 டிகிரிதானே, அதற்கு அது குளிர்காற்று. வெப்பத்தை அங்கே கொட்டிவிட்டுத் திரவமாகி, ஒரு மெல்லிய குழாய் வழியாகவோ வால்வு வழியாகவோ அழுத்தத்தை இழந்து மீண்டும் உள்ளே வருகிறது.

ஒரு சின்னக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். 'ஒன்றரை டன் ஏசி' என்கிறோமே, அந்த டன் மெஷினின் எடை இல்லை. பனிக்கட்டியை வைத்துக் குளிர்வித்த காலத்து அளவு அது: ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன். இன்றைய கணக்கில் சுமார் 3.5 கிலோவாட். அப்படியானால் ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து 5 கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியேற்றுகிறது, அதற்குச் சுமார் ஒன்றரை கிலோவாட் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. ஆக, அவுட்டோர் கொட்ட வேண்டியது இரண்டும் சேர்ந்து ஆறரை கிலோவாட்டுக்கு மேல். ஏழெட்டு இஸ்திரிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் போட்டுவைத்த மாதிரி.

கேஸ் போடுவதற்கு முன்னால்

சரி, கேஸ் உண்மையிலேயே குறைந்துவிட்டது என்றே வையுங்கள். அப்போது முதல் கேள்வி "எவ்வளவு?" இல்லை, "எங்கே லீக்?" பெரும்பாலும் நட்டுப் போட்டு இறுக்கிய இணைப்புகளில் இருக்கும். பழைய மெஷின் என்றால் காயிலிலேயே ஊசித்துளை விழுந்திருக்கலாம். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடற்கரை ஓரத்து வீடுகளில் உப்புக்காற்று பட்டு அவுட்டோரின் அலுமினியத் தகடுகள் தொட்டால் உதிர்கிற நிலைக்கு வந்துவிடும், அங்கே இது சீக்கிரமே வரும். லீக்கை அடைக்காமல் போடுகிற கேஸ் சில வாரத்திலோ சில மாதத்திலோ போய்விடும், அடுத்த மார்ச் அதே வசனம்.

மீட்டரில் முள் காட்டுகிற அழுத்தத்தை மட்டும் வைத்துக் கேஸ் சரியா தப்பா என்று தீர்ப்பு சொல்வதும் ஆபத்துதான். பழைய ஆர்-22 கேஸில் ஏசி ஓடும்போது 60, 70 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கிற அலகு) காட்டினால் சரி. அதே இடத்தில் ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டும் 110-க்கு மேல் காட்டும். வெளியே எவ்வளவு வெயில், உள்ளே எவ்வளவு சூடு, காயிலில் எவ்வளவு தூசி என்பதைப் பொறுத்தும் முள் ஏறி இறங்கும். கம்ப்ரசரின் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கிற இன்வெர்ட்டர் ஏசி என்றால் அந்த வேகத்துக்கு ஏற்ப அது பாட்டுக்கு மாறிக்கொண்டே இருக்கும். சரியான முறை, இருக்கிற கேஸைப் பத்திரமாக வேறு சிலிண்டரில் எடுத்துவிட்டு, நைட்ரஜன் விட்டு லீக் பார்த்து, பம்ப் வைத்துக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வெற்றிடமாக்கி, அப்புறம் அவுட்டோரின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை கிராமை எடை மெஷினில் வைத்து ஏற்றுவது. எடை மெஷின் கொண்டு வந்திருக்கிறாரா என்று பாருங்கள். "அதெல்லாம் கை அளவுலயே தெரியும் சார்" என்றால், எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு, ஆனால் கேஸ் போட விடமாட்டேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சமாதானமே கூடாது. லீக் பார்க்க ஆக்சிஜன் சிலிண்டரை இணைக்க வந்தால் உடனே நிறுத்துங்கள். கம்ப்ரசருக்குள் எண்ணெய் இருக்கிறது, அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். அதே மாதிரி ஆர்-22 மெஷினில் ஆர்-32 போட்டு ஓட்டிவிடலாம் என்பதும் விளையாட்டு இல்லை. ஆர்-32 அதிக அழுத்தத்தில் வேலை செய்கிறது, தீப்பற்றவும் கூடியது. அந்தப் பழைய மெஷின் அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை.

ஆர்-22 ஏன் கிடைக்காமல் போகிறது என்று பலர் கேட்கிறார்கள். அது ஓசோன் படலத்தைக் கெடுக்கிற வகை, 1987-இல் ஏற்பட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி படிப்படியாக நிறுத்திக்கொண்டு வருகிறார்கள், இந்தியாவில் 2030 வரை கெடு. அதற்கு அடுத்து வந்த ஆர்-410ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது, ஆனால் ஒரு கிலோ காற்றில் கலந்தால் ஏறக்குறைய இரண்டு டன் கரியமில வாயுவை விட்டதற்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு. நான் மூன்று வருடம் காற்றுக்குப் போட்ட கேஸை நினைத்தால் இப்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

குளிரவில்லை என்றால் முதலில் தூசி

கேஸைவிட நூறு மடங்கு சாதாரணமான காரணம் ஒன்று இருக்கிறது, அதற்கு யாரும் மரியாதை கொடுப்பதில்லை. ஃபில்டரில் அடைந்த தூசி.

வாளி சரியாக இருக்கிறது, இழுக்கிற ஆளும் சரியாக இருக்கிறார், ஆனால் கிணற்றுக்கு மேலே பலகை போட்டு மூடிவிட்டால் என்ன ஆகும்? ஃபில்டர் அடைத்தால் அதுதான் நடக்கிறது. அறைக்காற்று காயிலைத் தொட வழியில்லை. காயில் மேலும் மேலும் குளிர்ந்து, பூஜ்யத்துக்குக் கீழே போய், அதன் மேல் ஐஸ் கட்டிவிடும். ஐஸ் கட்டினால் காற்று இன்னும் போகாது. இப்படி ஒரு ராத்திரி ஓடியபின் இன்டோரிலிருந்து 'புஸ்' என்று வலுவில்லாத காற்று மட்டும் வரும், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொட்டும். வீட்டில் உள்ளவர்கள் "ஐஸ் கட்டுதே, நல்லாத்தானே குளிருது" என்பார்கள், இல்லாவிட்டால் "கேஸ் ஜாஸ்தி ஆயிடுச்சு போல" என்பார்கள். இரண்டும் தப்பு. கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும் என்பது உண்மைதான், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டரை. ஏசியை நிறுத்திவிட்டு ஃபேன் மோடில் மட்டும் ஓடவிட்டு ஐஸ் முழுக்கக் கரைந்தபின் ஃபில்டரைக் கழுவிப் போட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு மெக்கானிக் தேவைப்படாது.

ஃபில்டர் கழுவுவது சர்வீஸ்காரர் வேலை என்று நினைப்பதும் ஒரு தப்பெண்ணம். அது வீட்டுக்காரர் வேலை. தினமும் ஏசி போடும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, முன்மூடியைத் தூக்கி, வலையை எடுத்து, குழாய்த்தண்ணீரில் காட்டி, நிழலில் உலர்த்தி மாட்ட வேண்டும், பத்து நிமிடம்கூட ஆகாது. கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். தெருவோர வீடு, பக்கத்தில் கட்டட வேலை, வீட்டில் பூனை என்றால் வாரம் ஒருமுறை. அப்புறம், சாம்பிராணி போடுகிறவர்கள் தயவுசெய்து அந்த நேரத்தில் ஏசியை நிறுத்திவிடுங்கள். அந்தப் புகையில் உள்ள பிசின் வலையைத் தாண்டிப் போய் ஈரக் காயிலில் ஒட்டிக்கொள்ளும், அதன் மேல் தூசி படியும், அது வெறும் தண்ணீருக்கு வராது.

அவுட்டோர் கதை தனி. ஆறரை கிலோவாட் வெப்பத்தைக் கொட்டுகிற பெட்டி என்று பார்த்தோம் இல்லையா, அதைத் திருட்டுப் பயத்தில் கம்பிக் கூண்டு போட்டு, மேலே தகரம் வைத்து, முன்னால் செடித்தொட்டியும் பழைய அட்டைப்பெட்டியும் அடுக்கி வைத்திருப்பார்கள். அடுக்குமாடிகளில் ஒரு குறுகிய சந்துக்குள் ஆறு மாடி அவுட்டோர்களும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், கீழே இருப்பது ஊதுகிற சூட்டை மேலே இருப்பது உறிஞ்சிக்கொண்டிருக்கும். வெளிக்காற்று 38 டிகிரி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அந்த மெஷினுக்குக் கிடைப்பது 45, 50 டிகிரிக் காற்று. கொட்டுவதற்கு இடம் இல்லாவிட்டால் இறைத்து என்ன பிரயோஜனம்? கம்ப்ரசர் முக்கி முனகி ஓடும், பில் ஏறும், அறை குளிராது, மெக்கானிக் வந்து கேஸ் பார்ப்பார். வெயில் படக்கூடாது என்று மேலே சின்ன நிழல் கொடுப்பது நல்லதுதான், ஆனால் காற்று தாராளமாக வந்து போக வேண்டும், அது முக்கியம். புறா கூடு கட்டியிருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள்.

பழைய வகை, அதாவது இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் இன்னொன்று உண்டு. அவுட்டோரில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் மட்டும் கேட்டு, கம்ப்ரசர் ஓடாமல் நின்றுவிட்டால் உடனே "கம்ப்ரசர் போச்சு" என்று பயப்பட வேண்டாம். பல நேரம் கம்ப்ரசரைக் கிளப்பிவிடுகிற சில நூறு ரூபாய் கெப்பாசிட்டர்தான் போயிருக்கும். அதை மாற்றிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். நீங்களே திறந்து பார்க்காதீர்கள், கரண்ட்டை அணைத்தபின்னும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால், ஒரு தடவை அண்ணாந்து கூரையைப் பாருங்கள். மேல் மாடி வீட்டில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும்: ராத்திரி ஒன்பது மணிக்குச் சுவரைத் தொட்டால்கூட அவ்வளவு இல்லை, கூரையிலிருந்து அனல் இறங்கும். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் அதை ராத்திரிதான் கக்கும். ஏசி இறைக்க இறைக்கக் கிணற்றில் ஊற்று சுரந்துகொண்டே இருக்கிற மாதிரி. இதற்கு சர்வீஸ் எத்தனை தடவை செய்தாலும், பெரிய டன்னுக்கு மாறினாலும் தீர்வு பாதிதான். மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளை பெயின்ட் அடிப்பதும், மேற்குப் பக்க ஜன்னலுக்கு வெளியே மறைப்புக் கட்டுவதும் ஏசி பராமரிப்பில் சேர்த்தி இல்லைதான், ஆனால் என் அனுபவத்தில் அவற்றால் கிடைக்கும் பலன் எந்த சர்வீஸிலும் கிடைத்ததில்லை.

தண்ணீர் சொட்டுவது, தண்ணீரைப் பிடிப்பது

இன்டோரிலிருந்து சுவரில் தண்ணீர் வழிந்தால் "கேஸ் லீக் ஆகி தண்ணியா வருது" என்று நம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், படித்தவர்கள்தான். கேஸ் வெளியே வந்தால் கண்ணுக்கே தெரியாது. இது அறைக்காற்றில் உள்ள ஈரம், குளிர்ந்த காயிலில் பட்டுத் தண்ணீராகிறது, ஐஸ் வாட்டர் டம்ளருக்கு வெளியே வியர்க்கிறதே அதேதான். அது வெளியே போகிற டிரெயின் பைப்பில் பாசியும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் உள்ளே வழிகிறது. பைப்பை ஊதிச் சுத்தம் செய்து, வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சென்னை மாதிரி புழுக்க ஊரில் இந்தத் தண்ணீர் நிறைய வரும், வருவது நல்லதும்கூட. ஒரு லிட்டர் ஆவியைத் தண்ணீராக்க ஏசி இறைக்கிற வெப்பம் மட்டும் 0.68 யூனிட்டுக்குச் சமம். வேலூரிலோ திருச்சியிலோ அதே ஏசி அதே வெயிலுக்குச் சட்டென்று குளிர்விப்பதும், கடலோரத்தில் திணறுவதும் இதனால்தான். இந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள், வீடு துடையுங்கள், நல்ல பழக்கம். ஆனால் யுபிஎஸ் பேட்டரிக்கு ஊற்றாதீர்கள். 'ஏசி தண்ணியும் டிஸ்டில்டு வாட்டர்தானே' என்று தெருவுக்கு நான்கு பேர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆவியிலிருந்து வந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தூசி படிந்த அலுமினியத் தகட்டிலும் செப்புக் குழாயிலும் வழிந்து, பாசி பிடித்த தட்டில் தேங்கி, அப்புறம் உங்கள் வாளிக்கு வருகிறது. அந்த உலோகமும் அழுக்கும் பேட்டரிக்குள் போனால் அதன் ஆயுசு குறையும்.

மிச்சம் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வந்தவுடன் ரிமோட்டில் 16 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது. கிண்டியில் இறங்க வேண்டியவர் தாம்பரத்துக்கு டிக்கெட் எடுத்தால் ரயில் வேகமாகப் போய்விடாது, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் போகும். அறை 34 டிகிரியில் கொதிக்கும்போது 24 வைத்தாலும் மெஷின் தன்னால் முடிந்த முழு வேகத்தில்தான் ஓடும். நட்சத்திர முத்திரை உள்ள அறை ஏசிகள் எல்லாம் ஆன் செய்ததும் 24-இல்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதியே இருக்கிறது. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியம் சொல்லும் கணக்கு. ஏசி ஓடும்போது மின்விசிறி போடக்கூடாது என்பதும் அப்படித்தான்: மெதுவாகப் போடுங்கள், 26 வைத்தாலே 24 மாதிரி இருக்கும்.

இன்வெர்ட்டர் ஏசிக்கு சர்வீஸே வேண்டாம் என்பார்கள். தூசிக்கு அது இன்வெர்ட்டரா இல்லையா என்று தெரியாது. (அந்த 'இன்வெர்ட்டர்' கம்ப்ரசரின் வேகத்தை மாற்றுகிற மின்னணுப் பலகை, கரண்ட் போனால் வீட்டு பேட்டரியில் ஓடும் என்று அர்த்தமில்லை. என் மாமா ஒருவர் அப்படி நம்பி வாங்கினார்.) சொல்லப்போனால் இதற்குக் கவனம் கூடுதலாகவே வேண்டும், அந்தப் பலகை விலை அதிகம், அதில் ஒரு பல்லி புகுந்து ஷார்ட் ஆனாலே பில் ஆயிரங்களில் வரும். அதனால்தான் பவர் ஸ்ப்ரேயை வைத்து எல்லா இடத்திலும் தண்ணீர் பீய்ச்சுகிற 'வாட்டர் சர்வீஸ்' பார்க்கத் திருப்தியாக இருந்தாலும், பலகையை மூடினாரா, மெல்லிய தகடுகளை மடித்துவிடாமல் நேராக அடிக்கிறாரா என்று கூடவே நின்று பாருங்கள். மடிந்த தகட்டுக்குள் காற்று போகாது, சுத்தம் செய்தும் பயனில்லை. வருடத்துக்கு ஒரு முறை, கோடைக்கு முன்னால், இதைச் செய்தால் போதும். நிறைய ஓடுகிற வீட்டில் இரண்டு முறை.

குளிர்காலத்தில் அவுட்டோரைப் பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். அது மழையில் நிற்பதற்காகவே செய்யப்பட்டது. உறைக்குள் ஈரம் தங்கித் துரு பிடிக்கும், எலிக்கும் இதமான வீடு கிடைக்கும், அது குழாய் மேல் உள்ள பஞ்சைக் கடித்து வைக்கும்.

சூடு பக்கம்

நம் ஊரில் வீட்டைச் சூடாக்குகிற தேவை ஊட்டி, கொடைக்கானலோடு முடிந்துவிடுகிறது. அங்கே இப்போது சிலர் 'ஹாட் அண்ட் கோல்டு' ஏசி போடுகிறார்கள். அது வாளியைத் தலைகீழாக இறைக்கிற வேலை: வெளியே 8 டிகிரிக் குளிரிலும் காற்றில் வெப்பம் இருக்கிறது, அதை மொண்டுவந்து அறைக்குள் கொட்டுகிறது. ஒரு யூனிட் கரண்ட்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும், சுருள்கம்பி ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான். பனி அதிகமான ராத்திரியில் அவுட்டோரில் உறைபனி படிந்து, மெஷின் சில நிமிடம் நின்று, வெளியே ஆவி பறக்கும். பழுது என்று பதறி நிறுத்திவிடுகிறார்கள். அது தன் மேல் படிந்த பனியைத் தானே கரைத்துக்கொள்கிறது, விட்டுவிட்டால் திரும்ப ஓடும். இதற்குப் பதிலாக அறைக்குள் கரியடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிற பழக்கம்தான் பயங்கரம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைப்பதும் அதே ரகம்.

சமவெளியில் நமக்குக் கீசர்தான். அது சூடாகும்போது வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் பழுது என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள்; சூடான தண்ணீர் விரிவடைகிறது, அந்த வால்வு அழுத்தத்தை இறக்குகிறது. அதை அடைத்த கீசர் ஒரு வெடிகுண்டு. போர் தண்ணீர் வீடுகளில் தண்ணீரைச் சூடாக்குகிற கம்பியின் மேல் உப்பு கல்லாகப் படிந்து 'கிர்ர்' என்று சத்தம் வரும், சூடாக நேரம் பிடிக்கும். அப்போது திறந்து சுரண்டச் சொல்லுங்கள், கூடவே உள்ளே இருக்கும் மெக்னீசியக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, தான் கரைவதற்கென்றே வைத்த கம்பி அது. இந்த வீட்டில் உண்மையிலேயே தீர்ந்துபோகிற, மாற்றியாக வேண்டிய பொருள் அதுதான், அதை மட்டும் யாரும் மாற்றுவதில்லை.

கடைசியாக, அந்தப் பெரியவர் சொல்லிக்கொடுத்த ஒரு சோதனை. கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஏசியை 15 நிமிடம் முழு வேகத்தில் ஓடவிட்டு, இன்டோரின் மேற்பக்கம் காற்று உள்ளே போகிற இடத்தில் ஒரு தடவையும், கீழே காற்று வெளியே வருகிற இடத்தில் ஒரு தடவையும் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் மெஷின் வேலை செய்கிறது, கேஸைத் தொட வேண்டாம். புழுக்கமான நாளில் வித்தியாசம் கொஞ்சம் குறையும், பயப்பட வேண்டியதில்லை. நான் ஒவ்வொரு மார்ச்சும் ஃபில்டர் கழுவியபின் இதைப் பார்த்து, இன்டோரின் பக்கவாட்டில் பென்சிலால் குறித்து வைக்கிறேன். இப்போது அங்கே ஆறு வரிகள் இருக்கின்றன. முதல் வரி 11, இந்த வருடத்து வரி 10.